அறுபதாம் பக்கத்தில் நின்றவர்

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். எனக்கும் செங்கோட்டைதான் ஊர், வல்லம் ரோட்டில் வீடு. ஆறு வருஷமாகப் புனலூரில் வேலை பார்க்கிறேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலை தாண்டி வந்துபோகிறேன். போன வருஷம் ஜூன் 19 அன்று எங்கள் அலுவலகத்தில் வாசிப்பு நாள் கொண்டாடினார்கள். ஆளுக்கு ஒரு புத்தகத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச வேண்டும். மலையாளிகள் எல்லோரும் கையில் குறிப்பே இல்லாமல் பேசினார்கள், நான் மட்டும் தாளைப் பார்த்துப் படித்தேன். வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில்தான் புனலூர், தென்மலை, கொல்லம் பக்கம் வேலை பார்க்கிற தமிழ் ஆட்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். இருபத்து மூன்று பேர். இப்போது என்ன படிக்கிறோம், எது பிடித்திருக்கிறது என்று பகிர்ந்துகொள்வதுதான் நோக்கம்.

முதல் இரண்டு மாதம் களைகட்டியது. இப்போது அட்டைப்படம் மட்டும்தான் வருகிறது. கீழே "அருமை", "ஆர்டர் போட்டாச்சு", ஒரு கைகூப்பு, அவ்வளவுதான். போன மாதம் ரப்பர் குடோனில் வேலை பார்க்கிற ஒருவர், ஒரு நாவலில் அறுபதாம் பக்கத்தில் நின்றுவிட்டேன், பத்து நாளாக அதற்கு மேல் போக முடியவில்லை என்று எழுதினார். படித்து முடித்த நூல்களை மட்டுமே பகிர வேண்டும் என்பது குழுவின் விதி என்பதால் அட்மின் அதை நீக்கிவிட்டார் (அட்மின் நான்தான்). அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதுவதில்லை. விதி சரிதான் என்று நினைக்கிறேன், ஆனாலும் மனசு உறுத்துகிறது.

குழுவை மறுபடி உயிரோடு வைக்க என்ன செய்யலாம்? வருஷத்துக்கு 50 புத்தகம் என்று இலக்கு வைக்கலாமா? ஆடியோவில் கேட்பதைப் படித்த கணக்கில் சேர்க்கலாமா? முக்கியமாக, நீங்கள் இப்போது ரசித்துப் படிக்கிற ஐந்து புத்தகங்களைச் சொன்னால் எங்களுக்குத் தேடுகிற நேரம் மிச்சமாகும்.

அன்புடன்,
ச., புனலூர்

---

அன்புள்ள ச.,

ஐந்து புத்தகம் சொல்லுங்கள், பத்துப் புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்டுக் கடிதங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தையும் அந்தக் கட்டோடு வைத்திருப்பேன். ஆனால் அடைப்புக்குறிக்குள் "அட்மின் நான்தான்" என்று ஒப்புக்கொண்டீர்கள் பாருங்கள், அங்கே மாட்டிக்கொண்டேன். அப்புறம் அந்த அறுபதாம் பக்கத்துக்காரர். உங்கள் கடிதம் வந்த அன்றைக்குத்தான் பரணிலிருந்து அம்மாவின் பைண்டு புத்தகத்தை இறக்கி, வெயில் காட்டலாம் என்று மொட்டைமாடியில் விரித்து வைத்திருந்தேன். சாரல் மாதத்தில் நம்மூரில் வெயில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். விரித்து முடிப்பதற்குள் தூற்றல். அள்ளிக்கொண்டு ஓடி வந்து உட்கார்ந்தால் உங்கள் கடிதம். அந்தப் பைண்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் சில்லறையைத் தீர்த்துவிடுவோம்.

வருஷத்துக்கு 50 புத்தகம்: வேண்டாம். வருஷத்துக்கு எத்தனை இட்லி சாப்பிட்டோம் என்று யாரும் எண்ணி வைப்பதில்லை. எண்ண ஆரம்பித்தால் சின்ன இட்லியாகப் பார்த்து எடுக்கத் தோன்றும்.

ஆடியோவில் கேட்பது படிப்பதாகுமா: ஆகும். பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு காதால் மட்டுமே படித்த பெண்களின் பிள்ளை நான், என்னிடம் போய் இதைக் கேட்கிறீர்கள்.

மலையாளிகள் குறிப்பில்லாமல் பேசினார்கள் என்று வெட்கப்பட்டது: அதை விட்டுவிடுங்கள் தாயீ. அது அவர்களுக்குப் பழக்கம். பி. என். பணிக்கர் என்கிற பள்ளிக்கூட வாத்தியார் 1945இல் 47 வாசகசாலைகளைச் சேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் தொடங்கினார். அவர் இறந்த நாள்தான் நீங்கள் கொண்டாடிய ஜூன் 19. சாயங்காலமானால் வாசகசாலை பெஞ்சில் உட்கார்ந்து, படித்ததைப் பற்றி இரண்டு வார்த்தை சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது என்று மூன்று தலைமுறையாக நடக்கிறது அங்கே. இதில் நமக்கும் பங்கு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. 1945இல் செங்கோட்டையும் திருவிதாங்கூர் சமஸ்தானம்தான், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு சேரும் வரைக்கும். ஊருக்குள் நுழைகிற வளைவில் இன்னும் சங்கு முத்திரை இருக்கிறது, பஸ்ஸில் தூங்காமல் வந்தால் பார்க்கலாம். ஒரு ராத்திரியில் நாம் இந்தப் பக்கம் வந்தோம், பெஞ்சு அந்தப் பக்கம் நின்றுவிட்டது என்று விளையாட்டாகச் சொல்வேன். அதற்காக நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது, நம்மிடம் திண்ணை இருந்தது. அதற்கு வருகிறேன்.

தேடுகிற நேரம் மிச்சமாகும் என்றீர்கள். இந்த நேர மிச்சம் பற்றி மட்டும் கொஞ்சம் கோபம் வருகிறது. சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார், நாலாவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவர் அதைச் சொன்னது நூலகத்தில் வேலை பார்க்கிறவருக்கு. அலமாரியை ஒழுங்காக அடுக்கு, கேட்டவரைக் கால் கடுக்க நிற்க வைக்காதே என்ற அர்த்தத்தில். வாசகர் தானே தடுமாறி, தப்பான புத்தகத்தை எடுத்து, பாதியில் வைத்து, வேறொன்றை எடுப்பது இருக்கிறதே, அந்த நேரத்தை யாரும் உங்களுக்கு மிச்சப்படுத்தித் தர முடியாது. அதற்கு முந்தின விதிகளைப் பாருங்கள்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். உங்களுக்கான நூல் எது என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்களை நான் பார்த்ததுகூட இல்லை. உங்கள் குழுவில் இருக்கிற அந்த ரப்பர் குடோன்காரரைப் பற்றியாவது எனக்கு ஒன்று தெரியும். பத்து நாளாக ஒரு பக்கத்தின் முன்னால் நிற்கிறார். இருபத்து மூன்று பேரில் நிஜமாகவே படித்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் அவர்தானோ என்றுகூட எனக்குச் சந்தேகம். அவரைத்தான் நீங்கள் அழித்திருக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்ல வந்தது இதுதான். உங்கள் குழுவின் நோக்கம் "இப்போது என்ன படிக்கிறோம்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விதி என்னவென்றால் முடித்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும். முடித்துவிட்டால் அது எப்படி இப்போது படிக்கிற புத்தகம் ஆகும்? முடித்த புத்தகத்தைப் பற்றி யாராலும் "அருமை" என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சொல்ல முடிவதில்லை, நானும் அப்படித்தான். முடித்த கையோடு அதற்கு ஒரு தீர்ப்பு எழுதி, பெயரை ஒட்டி, அலமாரியில் வைத்துவிடுகிறோம். பிரானூர் பார்டரில் புரோட்டாக் கடையில் உட்கார்ந்திருப்பவனைப் பாருங்கள். சால்னாவில் ஊறின முதல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் இருப்பவனிடம் கையை ஆட்டி ஏதோ சொல்வான், வார்த்தை சரியாக வராது, ஆனால் பக்கத்தில் இருப்பவனுக்கு எச்சில் ஊறும். அதே ஆள் கை கழுவிவிட்டு வந்து கல்லாவில் நின்று "நல்லாருந்துச்சு" என்பான். உங்கள் குழுவில் இருபத்து மூன்று பேரும் கல்லாவில் நிற்கிறார்கள்.

சரி, திண்ணைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பிரானூரில் மர அறுவை மில்லில் வேலை. அம்மா பீடி சுற்றினாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெரியம்மை, கோடிவீட்டு மதினி, மேலவீட்டு ஆச்சி என்று ஒவ்வொருவராகத் தட்டோடு வந்து எங்கள் திண்ணையில் உட்காருவார்கள். ஈரத்துணியில் சுற்றி வைத்த இலை, கத்தரி, தூள், நூல்கண்டு. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வேலை, சுற்றிய பீடியின் வாயை நகத்தால் மடக்கி மூடுவது. விரல் முழுக்கத் தூள் ஏறி, கண்ணைக் கசக்கினால் எரியும். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு அந்த வேலையிலிருந்து விடுதலை கிடைத்தது. திண்ணையில் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு வாரப்பத்திரிகை வாங்குவார்கள். அதில் வருகிற தொடர்கதையை உரக்கப் படிக்க வேண்டியது என் வேலை. நான் படிக்கிற நேரத்துக்கு என் பங்கு பீடிகளை மற்றவர்கள் மடக்கிக் கொடுத்துவிடுவார்கள். இதை நாங்களே கண்டுபிடித்தோம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால்தான் தெரிந்தது, கண்ணூர்ப் பக்கம் பீடிக் கம்பெனிகளில் ஒருவர் பத்திரிகை படிப்பார், அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள் என்று. கியூபாவில் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதலே இந்த ஏற்பாடு உண்டாம். புகையிலைக்கும் கதைக்கும் என்ன சம்பந்தமோ. கை ஓய்வில்லாமல் ஓட வேண்டும், காது சும்மா இருக்கிறது, அதுதான் காரணம் போல.

படிப்பது அரைமணி நேரம். மீதி வாரம் முழுக்கப் பேச்சு. அவன் திரும்பி வருவானா மாட்டானா, அவள் அந்தக் கடிதத்தைக் கிழித்தாளா ஒளித்து வைத்தாளா. பெரியம்மைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று அடித்துச் சொல்வாள். "அவம் வரமாட்டாம்ட்டி. போம்போது திரும்பிப் பாத்தாம்னு எழுதிருக்கா? இல்லல்லா? திரும்பிப் பாக்காதவம் எங்க வரப்போறாம்?" அடுத்த வாரம் அவன் வந்து நிற்பான். பெரியம்மை அசர மாட்டாள். "எழுதுனவனுக்குத் தெரியல" என்பாள். அவள் சொன்னது பாதிக்கு மேல் தப்பாகத்தான் போகும். ஆனால் திரும்பிப் பார்த்தானா இல்லையா என்று கவனிக்க வேண்டும் என்பது எனக்கு அங்கே தெரிந்ததுதான். கதை சூடு பிடித்த வாரம் பீடிக்கடையில் அதிகமாகக் கழித்துவிடுவார்கள், சுற்றும்போது கை தளர்ந்திருக்கும். "இந்த வாரம் கொலையா தாயீ?" என்று கேட்டுக்கொண்டே கணக்குப் பார்க்கிறவர் ஓரமாக ஒதுக்கிப் போடுவார்.

தொடர் முடிந்ததும் அம்மா பக்கங்களைக் கிழித்து எடுத்து அடுக்கித் தைத்துவிடுவாள். கடையில் கொடுத்து பைண்டு பண்ணக் காசு கிடையாது. பீடி நூலை நாலு புரி சேர்த்து முறுக்கி, சாக்கு ஊசியால் தைத்து, மைதாப் பசையில் பழைய காலண்டர் அட்டை ஒட்டினால் புத்தகம் தயார். அட்டையில் முருகன் தலைகீழாக இருப்பார், கவனிக்காமல் ஒட்டிவிட்டாள். பின்பக்கமெல்லாம் பாதி விளம்பரம். கதாநாயகி அழுகிற பக்கத்தைப் புரட்டினால் பல்பொடி. புகையிலை வாசத்துக்குப் பூச்சி அண்டாது என்பாள், நாற்பது வருஷத்துக்கு மேல் அண்டவும் இல்லை. இப்போதுதான் இராமபாணம் விழுந்திருக்கிறது, அதனால்தான் வெயில் காட்டப் போனேன்.

அந்த பைண்டில் 31ஆம் அத்தியாயம் கிடையாது. முப்பதுக்கு அடுத்து முப்பத்திரண்டு. நடந்தது இது. அந்த வாரம் பத்திரிகை வந்த அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், படிக்கவில்லை. கோடிவீட்டு மதினியின் தம்பி கொல்லத்தில் அண்டியாபீஸில், அதாவது முந்திரிக் கம்பெனியில், மூட்டை தூக்குகிற வேலையில் இருந்தான். லீவு முடிந்து கிளம்பியவன், ரயிலில் படித்துவிட்டு யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன் என்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போனது போனதுதான். அடுத்த வாரம் 32ஆம் அத்தியாயம் வந்தது, மூன்று நாள் கழித்து என்று ஆரம்பித்தது, நடுவில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. திண்ணையே இடிந்துபோனது. மதினிக்குத் தம்பியால் வந்த கெட்ட பெயர் கொஞ்சநஞ்சமில்லை. ஊரில் வேறு யாரும் அந்தப் பத்திரிகை வாங்கவில்லையா என்றால், வாங்கினார்கள். வாங்குகிற வீடுகள் எல்லாம் நாங்கள் போய்க் கேட்கிற வீடுகளாக இல்லை. அதை இங்கே விரிக்க விருப்பமில்லை.

தீபாவளிக்கு அவன் வந்தான். வாசலில் கால் வைக்கும் முன்னே நாலு பேரும் பிடித்துக்கொண்டார்கள். ஏல, அந்த வாரம் என்ன நடந்துச்சு? பாவம், அவன் சொன்னான்: "முழுசாப் படிக்கலக்கா. பகவதிபுரம் தாண்டிக் குகை வந்துச்சா, வண்டிக்குள்ள இருட்டிப்போச்சு. மூடி வச்சவன் அப்படியே உறங்கிட்டேன். கொல்லத்துல முழிச்சுப் பாத்தா புஸ்தகம் இல்ல." திட்டு விழுந்தது. அப்புறம் பெரியம்மைதான் கேட்டாள், "குகை வர வரைக்கும் என்ன நடந்துச்சு, அதச் சொல்லு."

ச., அவன் சொன்னதைப் போல ஒரு கதையை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. மூட்டை தூக்குகிறவன், திண்ணையில் குத்தவைத்துக்கொண்டு சொல்கிறான். ராத்திரி அவள் விளக்கை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு இறங்குகிறாள். காற்றுக்குச் சுடரைக் கையால் மறைத்திருக்கிறாள், அதனால் அவள் முகம் தெரிகிறது, படி தெரியவில்லை. மூன்றாவது படியில் எண்ணெய் தளும்பிக் கொட்டுகிறது. குனிந்து பார்க்கிறாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது. அவள் திரும்பவில்லை. விளக்கைப் படியில் வைக்கிறாள். "அவ்வளவுதாங்க்கா, குகை வந்துட்டு." ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் அரைமணி நேரம் ரயிலில் படித்தது. எண்ணெய் எந்தப் படியில் கொட்டியது என்பது வரைக்கும் அவனுக்கு நினைவிருந்தது. முழுசாகப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பான்? "அவ அண்ணன்தான் வந்தான், கூட்டிட்டுப் போயிட்டான்" என்று ஒரு வரியில் முடித்திருப்பான், சந்தேகமே இல்லை.

அன்றைக்கு ராத்திரி வரை நாலு பேரும் அந்தக் காலடி யாருடையது என்று பேசினார்கள். மதினி, நாய்தான் பின்னாலேயே வந்திருக்கும் என்றாள். ஆச்சி, அந்தப் பெண்ணின் செத்துப்போன அப்பன்தான் என்றாள். அம்மா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, யாரும் இல்லை, அவள் தனியாக வந்ததால் அப்படிக் கேட்டிருக்கும் என்றாள். பெரியம்மை மட்டும், விளக்கைக் கீழே வைத்தாளே, அப்படியென்றால் வருகிறவன் யார் என்று அவளுக்குத் தெரியும் என்றாள். தெரியாதவனாக இருந்தால் விளக்கைத் தூக்கிப் பிடித்திருப்பாள். இதைச் சொல்லிவிட்டு ஒரு இலையை எடுத்துக் கத்தரிக்க ஆரம்பித்தாள், நான் இன்றைக்கும் நாவல் எழுதும்போது விளக்கை யாராவது கீழே வைத்தால் அவள் ஞாபகம் வருகிறது.

எந்தத் தொடர், எழுதியவர் யார் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் பத்து நிமிஷத்தில் பிடிஎஃப் அனுப்பிவிடுவீர்கள், உங்கள் தலைமுறையின் நல்ல குணமும் கெட்ட குணமும் அதுதான். அது புத்தகமாக வந்து எத்தனையோ பதிப்பு போயாயிற்று. தென்காசியில் ஒரு கடையில் கையில் எடுத்தும் பார்த்தேன். பொருளடக்கத்தில் 31ஆம் அத்தியாயத்துக்கு ஒரு தலைப்பு இருந்தது, அதைப் படித்தாலே தெரிந்துவிடும் போல இருந்தது, சட்டென்று மூடி வைத்துவிட்டு ஒரு பஞ்சாங்கம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பழைய காலத்துக் கதை, இப்போது வாரப்பத்திரிகையும் இல்லை திண்ணையும் இல்லை என்பீர்கள். இருக்கட்டும். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்தது. மூன்றரை வருஷத்துக்கு மேல் அதைப் படித்த ஒருவர்கூட அதை முடித்திருக்கவில்லை! வாசகர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள், ரயிலிலும் ஆபீசிலும் அடுப்படியிலும் அதையே பேசினார்கள். அந்தப் பக்கம், மலையாளத்தில், ஓ. வி. விஜயனின் நாவல் கசாக்கின் இதிகாசம் 1968இல் மாத்ருபூமி வாரப்பதிப்பில் தொடராக வந்து, 1969இல்தான் புத்தகமானது. வாசகசாலை பெஞ்சில் நடந்த சண்டையெல்லாம் நடுவில் இருக்கும்போது நடந்ததுதான் என்பது என் எண்ணம். முடிவு தெரிந்த பிறகு எதற்குச் சண்டை? உங்கள் அலுவலகத்துக்காரர்கள் குறிப்பில்லாமல் பேசினார்களே, அடுத்த ஜூனில் கவனித்துப் பாருங்கள், அவர்களில் எத்தனை பேர் கடைசிப் பக்கம் வரை போனவர்கள் என்று.

நடுவில் இருப்பதைச் சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அடுத்த அத்தியாயத்தில் நாம் சொன்னது தப்பாகிவிடும், பெரியம்மைக்கு ஆனதைப் போல. புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அட்டைப்படத்தில் அந்த ஆபத்து இல்லை, அதனால்தான் அட்டைப்படமாக வருகிறது. ஒருவர் டிகிரி காப்பி டம்ளரைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போட்டிருப்பார், நீங்கள் சொல்லவில்லை என்றாலும் எனக்குத் தெரியும். இன்னொருவர் "கட்டாயம் படிக்க வேண்டியது" என்று போடுவார். கட்டாயம் என்ன கட்டாயம், அம்மை ஊசியா?

ஐந்து புத்தகம் கேட்டீர்கள், இல்லையா? ஐந்து இல்லை. இரண்டரைதான் இருக்கிறது.

வைக்கம் முகமது பஷீரின் பாத்தும்மாவின் ஆடு, மலையாளத்தில், எத்தனையாவது தடவையோ. நான் மலையாளம் படித்தது பஸ் போர்டில் எழுத்துக் கூட்டித்தான், அதனால் மெதுவாகத்தான் போகும், அது இந்தப் புத்தகத்துக்கு நல்லதே. 1954இல் எழுதியதைத் திருத்தாமல் அப்படியே 1959இல் வெளியிட்டார் பஷீர். அந்த ஆடு அவர் எழுதிய புத்தகங்களையே தின்கிறது, பால்யகால சகியைத் தின்கிறது, சப்தங்களைத் தின்கிறது, அடுத்து கம்பளியில் வாய் வைக்கிறது. அப்போதுதான் பஷீர் பதறி ஓடி வருவார், கம்பளிக்கு வேறு பிரதி இல்லை, புத்தகம் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்று ஆட்டிடம் கெஞ்சுவார். நாலு நாளாக அங்கேயே நிற்கிறேன். சிரித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் எப்போதும் நினைப்பேன். இந்தத் தடவை என்னவோ, அந்த வீட்டில் ஆள் ஆளுக்கு அவரிடம் வந்து காசு கேட்பது மனசில் தைத்துவிட்டது. கம்பளி ஒன்றுதான் அவர் தனக்கென்று வைத்திருந்ததோ என்று தோன்றுகிறது. தப்பாக இருக்கலாம். மறுபடி முதலிலிருந்து படித்தால்தான் தெரியும்.

இரண்டாவது, நாகம் ஐயாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல், அதாவது சமஸ்தானத்தைப் பற்றிய அரசாங்க விவர நூல், 1906, மூன்று தொகுதி. ரசித்துப் படிக்கிறேன் என்று சொல்ல முடியாது. நம்மூர் எங்கெல்லாம் வருகிறது என்று பார்க்க எடுத்தேன், நிலவரிக் கணக்கில் மாட்டிக்கொண்டு மூன்று வாரமாகக் கிடக்கிறேன். ராத்திரி தூக்கம் நன்றாக வருகிறது.

அரை என்று சொன்னது, ஒரு இளைஞர் அனுப்பி வைத்த புது நாவல், 112ஆம் பக்கத்தில் இருக்கிறேன். ஒரு கிழவர் தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருகிறார். ஏன் என்று இன்னும் சொல்லவில்லை, சொல்லாமலே விட்டால் தேவலை என்று பயந்துகொண்டே படிக்கிறேன். யாரையோ எதிர்பார்க்கிறார் என்று மட்டும் எழுதிவிட்டால் எனக்குப் படு ஏமாற்றமாகிவிடும். புத்தகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே உங்கள் குழுவில் அட்டைப்படம் வந்துவிடும்.

குழுவுக்கு உயிர் கொடுப்பது எப்படி என்றெல்லாம் எனக்குத் தெரியாது, நான் எந்தக் குழுவிலும் இல்லை. இரண்டில் சேர்த்தார்கள், இரண்டிலும் காலை வணக்கம் வந்தது, விலகிவிட்டேன். அந்த விதியை எடுத்துவிடுங்கள், அது முதல் காரியம். இரண்டாவது, ரப்பர் குடோன்காரருக்கு நீங்களே ஒரு போன் போடுங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், நம்மூர் ஆள் கூச்சப்படுவார். அந்த அறுபதாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று மட்டும் கேளுங்கள். கேட்டு எனக்கும் எழுதுங்கள், உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அதுதான் மண்டையில் ஓடுகிறது.

அன்புடன்,
அண்ணாச்சி